அட்டவணையைக் கிழித்த நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். என் பணிமாற்றம் உறுதியாகிவிட்டது. அந்தப் புலம்பலைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். உடனே எழுதத் தூண்டியது உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான். விடியற்காலை எழுவது, ஓட்டம், தியானம், பிரெஞ்சு, நாட்குறிப்பு என ஐந்தையும் ஒரே நாளில் தொடங்கி, 21 நாளில் புது மனிதனாகிவிடுவதாகச் சபதம் செய்து, நடுவே ஒருநாள் காய்ச்சலில் படுத்ததும் அட்டவணையையே கிழித்துப் போட்டிருக்கிறாய். நம் விடுதித் தோழன் பட்டாளத்தானிடம் படித்துக் காட்டினேன். "விடுதியில் செய்ததை இவன் இன்னும் விடவில்லையா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த 21 நாள் கணக்கு யார் கிளப்பியது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர், அறுவைக்குப் பின் மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். முகத்தைப் பற்றிய அந்தக் குறைந்தபட்சக் கணக்கு, வாய்மாறி வாய்மாறி எல்லாப் பழக்கங்களுக்கும் கெடுவாகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஆளுக்கு ஒரே ஒரு சிறு செயல். அதை நாள்தோறும் ஒரே சூழலில், உதாரணமாகக் காலை உணவு முடிந்ததும், செய்ய வேண்டும். யோசனையின்றித் தானாக நடக்கும் நிலையை எட்டுவதற்கு இடைநிலையாக 66 நாள் ஆனது; அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆனால் ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை மாறுபட்டது. 12 வாரப் போக்கை நீட்டிக் கணித்த எண் என்பதால் அந்த 254ஐ நான் வேதவாக்காகக் கொள்ளவில்லை. உனக்கு வேண்டிய செய்தி வேறு: ஒருநாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. காய்ச்சலுக்காக நீ கட்டிய அபராதம் முழுவதும் வீண்.

என் வழி உனக்குச் சிரிப்பை வரவழைக்கும். காலையில் படுக்கையைச் சரிசெய்ததும் புத்தகத்தைத் தலையணைமேல் வைத்துவிடுவேன். இரவில் அதை எடுக்காமல் தலைசாய்க்க முடியாது. எடுத்த கை இரண்டு பக்கம் புரட்டிவிடுகிறது. களைத்த நாளில் ஒரு பத்தியோடு மூடிவிடுவேன், அதுவும் கணக்கில் சேரும். பக்கங்களைக் கூட்டலாம் என்று ஆசை வரும்போதெல்லாம் உன்னை நினைத்து அடக்கிக்கொள்கிறேன்.

கேலி இருக்கட்டும். "எனக்கு மனவுறுதியே கிடையாது" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் தந்தை படுத்திருந்த அத்தனை மாதமும் வேளை தவறாமல் மருந்து கொடுத்தவன் நீ. அப்போது உன்னிடம் அட்டவணையும் இல்லை, சபதமும் இல்லை. மணி அடித்ததும் கை மருந்துப் பெட்டிக்குப் போனது. அப்படி ஒரு தூண்டுகோலைக்கூட வைக்காமல் ஐந்து காரியங்களை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, அவை விழுந்ததற்கு உன் குணத்தைப் பழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே நான்கைத் தள்ளிவை. பிரெஞ்சு மட்டும் போதும் என்பது என் எண்ணம். ஓட்டத்தைத்தான் நீ பிடித்துக்கொள்வாய் என்று பட்டாளத்தான் பந்தயம் கட்டியிருக்கிறான். எதை முடித்த கையோடு எதைச் செய்யப்போகிறாய் என்று ஒரே வாக்கியத்தில் பதில் எழுது. இரண்டாவது வாக்கியம் வந்தால் கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
தூங்குமூஞ்சி