போர்ட் கேம்பலிலிருந்து அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போர்ட் கேம்பலில் வந்து தங்கினோம். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. நேற்று முழுக்க அவர்தான் ஓட்டினார். வளைந்து வளைந்து போகிற ரோடு, தோள்பட்டை வலித்திருக்கும், தூங்கட்டும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அப்பாவும் நடுவில் வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுவார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் வந்த கிரேட் ஓஷன் ரோடு, ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடலோரமாகப் போகிற ரோடு. டார்க்கியில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர். நாங்கள் கிழக்கிலிருந்து மேற்காக வந்தோம். இங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். அதனால் கடல் தெரிந்தபோதெல்லாம் என் பக்கத்து ஜன்னலிலேயே இருந்தது. நீ எப்போதாவது வந்தால் இந்தத் திசையிலேயே வா. பார்க்கத் தோன்றுகிற இடத்தில் எதிர் வண்டிகளைக் கடக்காமல் அப்படியே ஓரம் கட்டலாம். மெதுவாகப் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிடவும் அங்கங்கே இடம் விட்டிருக்கிறார்கள். அப்பா ஒவ்வொன்றிலும் ஒதுங்கினார். பின்னால் ஒருத்தர் காத்திருக்கிறார் என்றால் அவருக்கு ஓட்டவே வராது, உனக்குத் தெரியுமே.

ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மர வளைவு நிற்கிறது. பக்கத்தில் மண்வெட்டியோடு இரண்டு ஆட்களின் சிலை. முதல் உலகப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய சிப்பாய்கள் சுமார் 3,000 பேர், திரும்பாத தோழர்களின் நினைவாகப் போட்ட ரோடு இது. 1919-இல் ஆரம்பித்து 1932 வரை வேலை நடந்திருக்கிறது. கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை வண்டி, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க ரோடு வேலையிலேயே இருந்த மனுஷன் இதைப் படித்தால் என்ன ஆகும்? நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் எதிர்ப்பக்கம் மலையை வெட்டிய பாறையைத் தடவிக்கொண்டிருந்தார். "இந்தச் சரிவுல, கீழே கடல் இருக்கறப்போ, மெஷின் இல்லாம எப்படி நின்னு வெட்டினாங்க?" என்று அங்கிருந்து கிளம்பிய பிறகும் கேட்டுக்கொண்டே வந்தார். ரோட்டுக்குக் கல்யாணம் ஆனவர் என்று உன் பாட்டி சொல்வார்கள். எனக்கு அது என்றைக்குமே குறையாகத் தெரிந்ததில்லை. தான் செய்கிற வேலையை இப்படி நேசிக்கிற ஆளோடு பயணம் போவது தனி சந்தோஷம். நான் பார்க்காததை அவர் பார்க்கிறார், அவர் பார்க்காததை நான் பார்க்கிறேன்.

வேலை நடந்த காலத்துக் கதை ஒன்றும் உண்டு. 1924-இல் காசினோ என்ற நீராவிக் கப்பல் தரைதட்டி, பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி சாராயத்தையும் கடலில் தள்ளியிருக்கிறார்கள். கரையில் ரோடு போட்டவர்களுக்கு இரண்டு வாரம் வேலையே ஓடவில்லையாம். அப்பா இதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார்.

லோர்ன், கென்னட் ரிவர் எல்லாம் அழகுதான். கென்னட் ரிவரில் யூகலிப்டஸ் மரத்தில் ஒரு கோவாலா, பட்டப்பகலில் நல்ல தூக்கம். அப்பல்லோ பே தாண்டியதும் ரோடு கடலை விட்டு ஆட்வே காட்டுக்குள் போய்விடுகிறது. வானுயர மரங்கள், அடியில் ஆள் உயரப் பெரணிகள், ஈர வாசனை. காட்டை விட்டு வெளியே வந்தால் கடலோரம் முற்றிலும் வேறு மாதிரி. மலை இல்லை. தட்டையான நிலம் சட்டென்று அறுத்துவிட்டதுபோல முடிந்து, கீழே செங்குத்தாகச் சுண்ணாம்புப் பாறை.

கிப்சன் படிகள் 86. அப்பாவின் முழங்காலை நினைத்துத் தயங்கினேன், அவர் எனக்கு முன்னால் இறங்கிவிட்டார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அந்தப் பாறையின் உயரம் உறைக்கிறது. 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்கிற பாறைத்தூண்களை அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மேலே நின்று பார்த்தோம். பன்னிரண்டு என்பது பெயரில் மட்டும்தான். அந்தப் பெயர் வைத்த காலத்திலேயே அத்தனை இல்லை. 2005 ஜூலை 3-ஆம் தேதி ஒரு தூண் சில நொடிகளில் இடிந்து குவியலாகிவிட்டது. அப்பா ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து காட்டினார். அலை முதலில் பாறையின் பலவீனமான இடத்தைக் குடைந்து குகையாக்கும். இரண்டு பக்கக் குகையும் சந்தித்தால் வளைவு. வளைவின் கூரை விழுந்தால், கரையை விட்டுத் தனித்து நிற்பது தூண். பிறகு அடியை அரித்து அதையும் சாய்க்கும். சாயங்காலம் பார்த்த 'லண்டன் பிரிட்ஜ்' என்கிற பாறையும் அப்படித்தான். 1990 ஜனவரியில் கரையோடு சேர்ந்திருந்த வளைவு விழுந்து, அந்தப் பக்கம் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்து மீட்டிருக்கிறது.

ஆனால் நான் உனக்கு எழுத உட்கார்ந்ததே லாக் ஆர்ட் பள்ளத்தாக்குக்காகத்தான். அப்போஸ்தலர்களைத் தாண்டி கொஞ்ச தூரம்தான். இரண்டு பக்கமும் உயரமான பாறைச்சுவர், நடுவில் குறுகலான வாய், அது வழியாகக் கடல் உள்ளே வருகிறது. உள்ளே சின்ன மணல்கரை.

லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ மூன்று மாதப் பயணம், கரை சேர ஒரு நாள் பாக்கி. 1878 ஜூன் 1, விடிவதற்கு முன், மூடுபனி. பனி விலகியபோது எதிரே பாறைச்சுவர். கப்பலைத் திருப்ப முடியவில்லை. மட்டன்பேர்ட் தீவை ஒட்டிய பாறையில் மோதிக் கொஞ்ச நேரத்திலேயே மூழ்கிவிட்டது. இருந்த 54 பேரில் பிழைத்தது இரண்டே பேர். டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமி, ஈவா கார்மைக்கேல் என்ற பெண். இரண்டு பேருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. டாம் அந்த மணல்கரையில் ஒதுங்கிய பிறகு ஒரு அலறல் கேட்டு, மறுபடி கடலில் இறங்கி நீந்திப்போய், மணிக்கணக்காக எதையோ பிடித்து மிதந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணை இழுத்து வந்தான். ஒரு குகையில் அவளைப் படுக்க வைத்துவிட்டு, சுவர் போன்ற பாறையில் ஏறி உதவி தேடிப் போனான்.

ஈவாவோடு அந்தக் கப்பலில் வந்த அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

இந்தச் செய்தி பரவியதும் ஊரே என்ன எதிர்பார்த்தது தெரியுமா? இரண்டு பேருக்கும் கல்யாணம் நடக்க வேண்டும் என்று. நடக்கவில்லை. ஈவா அயர்லாந்துக்குத் திரும்பிப் போய் வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். டாமும் வேறொரு பெண்ணை மணந்தான், கப்பல் கேப்டன் ஆனான். எங்கள் பக்கத்தில் நின்றிருந்த ஒரு அம்மாள், "என்ன பெண்ணோ, உயிரைக் காப்பாத்தினவனை விட்டுட்டுப் போயிட்டா" என்கிற மாதிரி அவருடைய கணவரிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. வீட்டையே இழந்த பெண் அவள். அந்தக் கடலை, அந்தக் குகையை, அந்த முகத்தை ஆயுசுக்கும் எதிரில் வைத்துக்கொண்டு வாழ முடியுமா என்று அவளுக்குத்தான் தெரியும். பையனும் கைமாறு எதிர்பார்த்து நீந்தியவனாகத் தெரியவில்லை. ஊர் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு கதையைக் கட்டிவிட்டது என்பதற்காக இரண்டு பேர் அதில் போய் வாழ வேண்டுமா?

அப்போது உன் ஞாபகம்தான் பாப்பா. போன வாரம் போனில் கேட்டாயே, "உங்க ரெண்டு பேரையும் பார்த்தா சந்தோஷமா இருக்கு, ஆனா எனக்கும் அப்படியே வேணும்னு எல்லாரும் ஏன் முடிவு பண்றாங்க?" என்று. நான் அப்போது பேச்சை மாற்றவில்லை, பதில் தேடினேன். எங்களுக்கு நன்றாக அமைந்தது. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிற இந்த மாதிரி ஒரு நாளுக்கு ஈடாக எதையும் நான் கேட்க மாட்டேன். ஆனால் இது எங்கள் இரண்டு பேருக்கு அமைந்தது. இதைக் காட்டி உன்னை இழுக்க எனக்கு உரிமை இல்லை. உனக்கு யாரோடாவது வாழத் தோன்றினால் சொல், தோன்றாவிட்டால் அதையும் சொல். இரண்டையும் ஒரே மாதிரி கேட்டுக்கொள்வேன். அப்பாவிடமும் ராத்திரி பேசிவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவ சம்பாதிக்கிறா, யோசிக்கிறா, நாம ஏன் அவசரப்படணும்" என்றார்.

சரி, அவர் எழுந்துவிட்டார். காலையில் வார்னம்பூல் போகிறோம். லாக் ஆர்டில் வந்த ஆளுயர பீங்கான் மயில் ஒன்று, அந்த விபத்திலும் உடையாமல் பெட்டியோடு கரை ஒதுங்கி, இப்போது அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போட்டோ அனுப்புகிறேன்.

பெரியம்மா அனுப்பிய அந்தப் பையன் விவரத்துக்கு நீ ஒன்றும் பதில் போட வேண்டாம். ஊருக்கு வந்ததும் அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா