மல்லியும் மௌவலும்

அன்புள்ள மௌவலுக்கு,

அலுவலகத்தில் ஒருவர் வாயிலும் உன் பெயர் நுழையவில்லை என்றும், பொருள் கேட்பவர்களிடம் காட்டுமல்லிகை என்று சொல்லி அலுத்துவிட்டதால் இனி 'மல்லி' என்றே எழுதிக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். பெயர் உன்னுடையது, முடிவும் உன்னுடையதே. ஆனால் அகராதி தரும் அந்த ஒரு சொல்லோடு அதன் கதை முடிவதில்லை.

நீ வயிற்றில் இருந்த ஏழாம் மாதத்தில் நான் குறிஞ்சிப்பாட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்களைக் கபிலர் அடுக்கிக்கொண்டே போகும் இடத்தில், 'ஞாழல் மௌவல் நறுந்தண் கொகுடி' என்ற அடிக்கு வந்ததும் மேலே போக மனம் வரவில்லை. உன் அப்பத்தா மல்லிகா என்று வைக்கச் சொன்னார். இரண்டும் ஒரே இனத்துப் பூதான் என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

காட்டுமல்லிகை என்கிறார்களே தவிர, சங்கப் பாட்டில் மௌவல் வீட்டிலும் வளர்கிறது. நற்றிணை 115ஆம் பாட்டில், மயிலின் அடியைப் போன்ற இலையுடைய நொச்சியும் மனையில் வளர்ந்த மௌவலும் மொட்டவிழ்கின்றன. கார்காலம் வந்துவிட்டது, காதலர் மிகத் தொலைவான நாட்டில் இருந்தாலும் பேரன்பு உடையவர் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். அகநானூறு 21இலும் வீட்டு நொச்சியோடுதான் மௌவல் வருகிறது. அதன் வெண்மொட்டுகளை வரிசையாக வைத்தாற்போன்றவை தலைவியின் பற்கள். உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்த வருடத்தில் இந்த உவமையைச் சொல்லி உன் அப்பா உன்னை அழவைத்தது நினைவிருக்கிறதா? அந்த நொச்சியும் வேறெதுவும் இல்லை, சளி பிடித்தால் நான் உனக்கு ஆவி பிடிக்கக் கொதிக்கவைத்த அதே தழைதான்.

பிறப்புச் சான்றிதழில் உன் பெயரை 'மவ்வல்' என்று எழுதிவிட்டார்கள். உன் அப்பா கொதித்துப்போனார். 'அவ்' என்பது ஔகாரத்தைப் போலவே ஒலிக்கும் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது, ஔவையாரை அவ்வையார் என்றும் எழுதுவதில்லையா என்று நான் சொல்லிப் பார்த்தேன்; அவர் கேட்கவில்லை, இரண்டு முறை அலைந்து திருத்தி வாங்கி வந்தார். ஆகவே அங்கே யாராவது உன்னை மவ்வல் என்று கூப்பிட்டால் அதில் பிழை இல்லை, திரும்பிப் பார்.

கொல்லையில் நான் வைத்த நொச்சிப்போத்து ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. அதன்மேல் ஏற்றிவிட மௌவல் வேண்டுமென்று நாற்றுப்பண்ணைகளில் கேட்டால் மரமல்லியை எடுத்துக் காட்டுகிறார்கள். அது கொடியே இல்லை, நெட்டையாக வளரும் மரம். இப்போதைக்கு நொச்சியின்மேல் தானாக முளைத்த கோவைக்கொடிதான் படர்ந்திருக்கிறது.

அன்புடன்,
அம்மா