ஏர்கோன் கேஸைக் காற்றில் திறந்துவிடாதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்து ஏர்கோன் கடை முதலாளிகளுக்கும், ஏணியில் ஏறி வேலை செய்யும் தம்பிகளுக்கும், பழைய இரும்பு எடுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

பழைய ஏர்கோனைக் கழற்றும்போது நடப்பது நம் எல்லாருக்கும் தெரியும். செம்புக் குழாயைக் கட்டர் நறுக்கியதும் ‘உஸ்’ஸென்று இரைச்சல். வெட்டுவாயில் வெள்ளையாகப் பனி படியும், சுவரில் எண்ணெய் தெறிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாததால் அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

பழைய மெஷின்களில் இருப்பது ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸ். அதில் உள்ள குளோரின்தான் வினை. மேல்வானில் புறஊதாக் கதிர் பட்டுப் பிரியும் குளோரின் அணு, தான் அழியாமல், அந்தக் கதிரைத் தடுக்கும் ஓசோனை ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைத்துக்கொண்டே போகும். குளோரின் உள்ள இத்தகைய வாயுக்களைப் பற்றி மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் 1974-லேயே எச்சரித்தார்கள். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் படலத்தில் ஓட்டை இருப்பது வெளியே வந்தது. 1987-இல் ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களைக் குறைக்க மொன்றியல் ஒப்பந்தம். 1989-இல் மலேசியாவும் அதில் சேர்ந்தது.

‘ஓசோன் ஓட்டை வழியாக வெயில் இறங்குவதால்தான் உலகம் சூடாகிறது’ என்று சாப்பாட்டுக் கடையில் சொல்லக் கேட்கிறோம். அது தவறு. ஓட்டையால் கூடுவது தோலையும் கண்ணையும் கெடுக்கும் புறஊதாக் கதிர். சூடேறுவதற்குக் காரணம், பூமி வெளிவிடும் வெப்பத்தைக் கரியமில வாயு போன்றவை பிடித்துவைப்பது. இரண்டும் வேறு வேறு கேடுகள். ஆனால் ஆர்-22 இரண்டையும் செய்கிறது. ஒரு கிலோ ஆர்-22, ஏறக்குறைய 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஈப்போவுக்கு அறுநூறு தடவை போய்வந்தால்தான் அவ்வளவு புகை வரும்.

பிறகு வந்த ஆர்-410ஏ-யில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கேடில்லை. ‘ஓசோனுக்குக் கேடில்லை’ என்ற ஒட்டுத்தாளைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சூடேற்றுவதில் அது ஆர்-22-ஐ மிஞ்சும், ஒரு கிலோ 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த மொன்றியல் ஒப்பந்தக் கூட்டத்தில் இந்த வகைக் கேஸையும் படிப்படியாகக் குறைக்க முடிவானது இதற்காகத்தான். புது மெஷின்களில் வரும் ஆர்-32-க்கு அதே கணக்கு 675. ஆனால் அது தீப்பிடிக்கும் கேஸ், அழுத்தமும் ஆர்-22-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல். பழைய மெஷினில் அதை அடைப்பது ஆபத்து.

மெஷின் ஓடும் நிலையில் இருந்தால் பம்ப்-டவுன் செய்ய, அதாவது கேஸை வெளியே உள்ள அவுட்டோர் பெட்டிக்குள் இழுத்து அடைக்க, அதிக நேரம் ஆகாது. கூல் மோடில் ஓடவிட்டு, பெரிய குழாயின் சர்வீஸ் போர்ட்டில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டுங்கள். சிறிய குழாயின் வால்வை மூடுங்கள். முள் இறங்கிப் பூஜ்யத்துக்குச் சற்று மேலே வந்ததும் பெரிய குழாயின் வால்வையும் மூடி, உடனே கரண்டை நிறுத்துங்கள். கேஸ் ஏறக்குறைய முழுவதும் அவுட்டோருக்குள் அடைபட்டுவிடும். பூஜ்யத்துக்குக் கீழே இழுக்கவே கூடாது. குழாய் இணைப்பில் உள்ள ஃப்ளேர் நட்டு தளர்ந்திருந்தால் காற்று உள்ளே புகும். காற்றும் எண்ணெயும் அழுத்தத்தில் சூடேறினால் கம்ப்ரசர் வெடிக்கும். கசிவுள்ள மெஷினில் பம்ப்-டவுன் வேண்டாம்.

கம்ப்ரசர் செத்துப்போன மெஷினுக்கு கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் ஏற்றும் ரிக்கவரி மெஷின்தான் வழி. சிலிண்டரைத் தராசில் வைத்து, 80 விழுக்காட்டோடு நிறுத்துங்கள். லோரியில் வெயிலில் கிடக்கையில் உள்ளே திரவம் விரிய இடம் வேண்டும். ஒரு சிலிண்டருக்கு ஒரே கேஸ். ஆர்-22-உம் 410ஏ-யும் கலந்துவிட்டால் அதை மறுபடி மெஷினில் அடைக்க முடியாது.

எங்களுக்கு மிகவும் வலிப்பது வருடாவருடம் நடக்கும் டாப்-அப், அதாவது குறைந்த கேஸை மேலே மேலே நிரப்புவது. ஏர்கோன் கேஸைக் குடித்துத் தீர்ப்பதில்லை. குறைந்தால் கசிகிறது என்றுதான் பொருள். ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடியுங்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றினால் உயிர் போகும். கசிவை அடைத்தபின், உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் வாக்கும் பம்பில் 500 மைக்ரான் அழுத்தம் வரை இழுத்து, பெயர்ப்பலகையில் உள்ள எடையைத் தராசில் பார்த்து நிரப்புங்கள்.

வளரும் நாடுகள் 2025-இலிருந்து ஆர்-22 வகைக் கேஸ்களை 67.5 விழுக்காடு குறைத்திருக்க வேண்டும். 2030-க்குப் பிறகு பழுதுபார்க்க மட்டும் மிகச் சிறிய அளவு கிடைக்கும். சிலிண்டரில் பிடித்துவைத்த கேஸுக்கு அப்போது மதிப்பு ஏறும்.

ஓசோன் படலம் ஆறிவருகிறது. அண்டார்க்டிகாவின் மேல் ஏறக்குறைய 2066-இல் பழைய நிலைக்கு வரும் என்பது ஐ.நா. ஆய்வாளர்களின் கணிப்பு. தனிக்கடைக்கு ரிக்கவரி மெஷின் விலை கட்டாது என்பது எங்களுக்கும் தெரியும். ஐந்தாறு கடைகள் கூட்டாக ஒன்று வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். பழைய இரும்பு எடுக்கும் அண்ணன்மார்களே, குழாயை வெட்டாமல் அவுட்டோரை முதலில் அந்தக் கடைக்குக் கொண்டுவாருங்கள். கேஸை எடுத்துக்கொண்டு செம்பையும் இரும்பையும் உங்களிடமே தரட்டும்.

இப்படிக்கு,
இவ்வட்டார ஏர்கோன் தொழிலாளர்கள்