ஃபயர் பாலிசி இருந்தா போதும்னு இருந்துட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வியாசர்பாடியில சின்னதா ஒரு வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். நானும் மூணு பசங்களும்தான், மடக்கு ஏணி, அடுப்பு ஸ்டாண்டு, செருப்பு ஸ்டாண்டுனு செஞ்சு வண்ணாரப்பேட்டை கடைங்களுக்கு குடுப்போம், பட்டறைக்கே வந்து வாங்கறவங்களும் உண்டு. எனக்கு நடந்தது இன்னொரு பட்டறைக்காரருக்கு நடக்கக்கூடாதுன்னு எழுதறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்கிட்ட ஏணி வாங்கிட்டு போன கொடுங்கையூர் பெயிண்டர் ஒருத்தர் அஞ்சாவது படியில நிக்கும்போது படி கழண்டு விழுந்துட்டாரு, குதிகால் எலும்பு நொறுங்கிடுச்சு. ஏணிய கொண்டாந்து காமிச்சாங்க. படியோட ஒரு பக்கம் டேக் (தற்காலிகமா புடிச்சு நிக்க வைக்கற சின்ன புள்ளி வெல்டிங்) மட்டும்தான் வச்சிருக்கு, முழு வெல்டிங் ஓட்டவே இல்ல, அது மேலயே சில்வர் பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கு. தப்பு எங்க பட்டறையோடதுதான். பாவம், ஏழு மாசம் அந்த மனுஷன் வேலைக்கு போகல.

வக்கீல் நோட்டீஸ் வந்தப்போ நான் பெருசா பயப்படல, வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டறேனேன்னு பாலிசிய எடுத்துட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போனேன். இது ஃபயர் பாலிசி, பட்டறை எரிஞ்சா குடுப்போம், நீங்க வித்த சாமான் வெளிய போய் ஒருத்தர காயப்படுத்தினா இதுல வராது, அதுக்கு புராடக்ட் லயபிலிட்டினு தனி பாலிசின்னுட்டாங்க. பதினெட்டு வருஷமா தொழில் பண்றேன், அந்த பேர அன்னைக்குதான் கேட்டேன். கடைசில வீட்டம்மா நகைய அடகு வச்சு ரெண்டரை லட்சம் குடுத்தேன். அது அவருக்கு சேரவேண்டிய பணம், அதுல எனக்கு வருத்தமே இல்ல, ஆனா பொரட்டறதுக்கே எட்டு மாசம் ஆயிடுச்சு, அந்த எட்டு மாசம் அவரு வீட்ல எப்படி ஓட்டியிருப்பாங்கனு நினைச்சா இன்னைக்கும் உறுத்துது.

அப்புறம்தான் விசாரிச்சேன். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல, அது 2020 ஜூலைல அமலுக்கு வந்துச்சு, இதுக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. சாமான்ல குறை இருந்து ஒருத்தருக்கு அடிபட்டா செஞ்சவன் பொறுப்பு. சாமான் விலை 5 லட்சத்துக்குள்ள இருந்தா நுகர்வோர் கோர்ட்ல கேஸ் போட ஃபீஸே கிடையாது, என் ஏணி மூவாயிரத்து ஐநூறு ரூபாதான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைக்காரங்களும் கவனிக்கணும், பில்லு இல்லாம வாங்கி வித்துட்டு யார் செஞ்சதுன்னு காட்ட முடியலனா அது உங்க தலையிலதான் விழும். நம்மள மாதிரி ஒத்த ஆளு பேர்ல நடக்கற தொழில்ல பட்டறை கடன் வேற வீடு வேறன்னும் கிடையாது.

இந்த பாலிசி இருந்தா, அடிபட்டவருக்கு குடுக்கவேண்டிய நஷ்டஈடும் கம்பெனிகிட்ட முன்கூட்டியே கேட்டு அவங்க ஒத்துகிட்ட வக்கீல் செலவும் பாலிசில போட்டிருக்கற லிமிட் வரைக்கும் அவங்க பாத்துப்பாங்க, முதல்ல கொஞ்சம் நம்ம கைல இருந்து போகும். ஒடஞ்ச ஏணிக்கு வேற ஏணி குடுக்கற செலவு, வித்தத திரும்ப எடுக்கற செலவெல்லாம் இதுல வராது. குறைன்னு தெரிஞ்சே வித்தாலும் வராது. முக்கியமா, பொதுவா பாலிசி நடப்புல இருக்கும்போது க்ளெய்ம் வந்தாதான் செல்லும், அதனால ஒரு வருஷம் ரினியூ பண்ணாம விட்டாலும் பழைய சாமானுக்கு பாதுகாப்பு போயிடலாம். நோட்டீஸ் வந்த அன்னைக்கே சொல்லிடணும், நாமளா போய் பேசி முடிச்சுட்டு அப்புறம் பணம் கேட்டா குடுக்கமாட்டாங்க.

இப்ப நான் எடுத்துட்டேன். ஒவ்வொரு ஏணிலயும் நம்பர் பஞ்ச் பண்ணி யார் வெல்டிங்னு நோட்டுல எழுதறோம், நான் தட்டி பாக்காம பெயிண்டுக்கு போகாது. ஆனா பாலிசி காகிதம் மொத்தமும் இங்கிலீஷ், எனக்கே ஒரு பையன உக்கார வச்சு படிக்க சொல்லிதான் புரிஞ்சுது. உங்க பேப்பர்ல இத தமிழ்ல ஒரு பக்கம் விளக்கி போடுங்க, வியாசர்பாடி, மாதவரம் பக்கம் தொழிற்பேட்டை சங்கங்களும் இன்சூரன்ஸ் ஆளுங்கள கூப்பிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை தமிழ்ல பேச வைங்க, நான் அந்த ஏணி படிய இன்னும் வச்சிருக்கேன், கொண்டாந்து காட்டறேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
வியாசர்பாடி