செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: குடியிருப்போர் நலச்சங்கம்

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்குகள் சரிசெய்யப்பட்டன. மழைநீர் வடிகாலைத் தூர்வாரக் கொடுத்த மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும் சண்டை போட்டதும் பிள்ளைகளுக்கான புகையிலை எதிர்ப்புப் பணியைப் பற்றித்தான்.

மே 31 புகையிலை எதிர்ப்பு நாள். அன்று பள்ளிகள் கோடை விடுமுறையில் இருக்கும். பெரியவர்கள் நமக்கு நாமே கூட்டம் போட்டுக் கலைவோம். இம்முறை அதை ஜூலைக்குத் தள்ளிவைத்து, எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளை அழைத்தோம்.

முதல் கூட்டத்தில் வாய்ப்புற்றுநோய்ப் படக்கண்காட்சி. யோசனை என்னுடையது, பழியும் எனக்கே. பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் தியேட்டரில் வரும் எச்சரிக்கை விளம்பரத்தின் குரலை அப்படியே பேசிக்காட்ட, மற்றவர்கள் கைதட்டினார்கள். 2012இலிருந்து திரையில் வரும் விளம்பரங்கள் அவை. இந்தப் பிள்ளைகளுக்கு அது தாலாட்டு மாதிரி.

சிரிப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். யாரென்று சொல்லப்போவதில்லை. அவளுடைய அப்பா புகையிலை போடுபவர். "எங்க அப்பாவுக்கும் இப்படி ஆயிடுமா அங்கிள்?" என்று கேட்டாள். பயமுறுத்த நாற்பது படம் ஒட்டியிருந்தோம்; பயந்துபோன பிள்ளையிடம் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல ஒரு வரிகூட ஒட்டவில்லை. புகையிலையை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் 1800 11 2356, 2018இலிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகிறது. அது எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை.

செயற்குழுவில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு பழைய ஆய்வைச் சொன்னார். 1953இல் அமெரிக்காவில் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இருவர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பல் பராமரிப்பு பற்றி மூன்று விதமாகப் பாடம் நடத்தினார்களாம். அழுகிய ஈறு, சொத்தைப் பல் என்று அதிகம் பயமுறுத்தப்பட்ட வகுப்பில் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் 8 சதவீதம். கொஞ்சமாகப் பயமுறுத்திய வகுப்பில் 36. பயமே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தப்பிக்கும் வழியையும் சேர்த்துச் சொன்னால் பயம் வேலை செய்யும் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. துணைத்தலைவர் இன்னும் "பயம்தான் மருந்து" என்கிறார். அவர் கட்சியையும் பதிவு செய்கிறேன்.

இரண்டாம் கூட்டத்தில் பயத்தை விட்டுக் கோபத்தைக் கையில் எடுத்தோம். இதற்கு முன்மாதிரி அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். அங்கே 1998இல் தொடங்கிய விளம்பர இயக்கத்தில் நுரையீரலைக் காட்டவில்லை. 'உன்னை ஏமாற்றிக் காசு பார்க்கிறார்கள்' என்றார்கள். பிள்ளைகளே சிகரெட் கம்பெனிகளுக்குப் போன் போட்டுக் கேள்வி கேட்டார்கள். 2000க்குள் நடுநிலைப் பள்ளி மாணவர்களில் புகைப்பவர்கள் 18.5 சதவீதத்திலிருந்து 11.1 ஆகக் குறைந்தார்கள். சிகரெட் விலையும் அப்போது ஏறியது, எனவே முழுப் பெருமையும் விளம்பரத்துக்குச் சேராது.

நம் பிள்ளைகளிடம் 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் படித்துக்காட்டினோம்: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. உடனே நாடாவை எடுத்துக்கொண்டு அளக்கக் கிளம்பிவிட்டார்கள்! தியேட்டர் குரல் பையன் திரும்பி வந்து சொன்னது எனக்குத் தோன்றாத விஷயம். பாக்கெட்டில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் இருக்கிறது, சரி. ஆனால் பசங்க ஒற்றை சிகரெட்தான் வாங்குகிறார்கள், பாக்கெட்டை எங்கே பார்க்கிறார்கள்?

அப்புறம் பல் மருத்துவர் வந்தார். பாக்குப் போட்டால் வாய் இறுகிப்போகும் என்பதைப் படமில்லாமலே காட்டினார். தங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார். நுழைந்தால் வாய் இன்னும் இறுகவில்லை. வீட்டிலும் இதைச் செய்து பார்க்கச் சொல்லி அனுப்பினோம். முன்பு வெளியே போன பெண் இம்முறை முன்வரிசையில் இருந்தாள். தொலைபேசி எண்ணை இரண்டு தடவை எழுதிக்கொண்டாள்.

எத்தனை பேர் விட்டார்கள் என்று கேட்காதீர்கள். நாம் கணக்கெடுக்கவில்லை, எடுத்தாலும் உண்மை சொல்லமாட்டார்கள்.

ஒரு விஷயம் பாக்கி. பிள்ளைகள் அளந்த கடை 100 கஜத்துக்குள்தான் வருகிறது. கடைக்காரர் நம் சங்க உறுப்பினர், சந்தா பாக்கி இல்லாதவர், இப்போது மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். தீர்மானத்துக்கு முன் அவருடன் பேச அனுமதி கோரி இந்த அறிக்கையை முன்வைக்கிறேன்.

செயலாளர்