திண்ணையில் நிற்பவர் யார்?

காரைக்குடி

அன்பு நண்பனுக்கு,

நலம்தானே? அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. இங்கே எல்லோரும் சுகம். உன் கதை வந்து சேர்ந்தது. ராத்திரியே ஒரே மூச்சில் படித்துவிட்டேன். மறுநாள் வேலைக்கு நடுவிலும் அதே நினைப்புதான்.

1942-இல் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்த சமயம், கப்பல் கிடைக்காமல் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பியவர்கள் கதையைக் கேட்காமல் நம் பக்கத்தில் யார் வளர்ந்தோம்? பசியிலும் காலராவிலும் வழியிலேயே போனவர்கள் எத்தனையோ பேர். உன் கதையில், அப்படிப் போய்விட்டார் என்று காரியமெல்லாம் முடித்த அப்பச்சி, அதாவது அப்பா, நடுராத்திரியில் கானாடுகாத்தான் வீட்டுத் திண்ணையில் வந்து நிற்கிறார். குரல் அவர் குரல்தான். ஆனால் கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன் என்கிறார். மகன் கையில் சாவி. இந்த இடம் என்னை உலுக்கிவிட்டது.

அவன் தயங்கும் பகுதி நீளமோ என்று கேட்டிருந்தாய். நீளம் குறையே இல்லை. பேய்க்குப் பயந்து மட்டும் அவன் நிற்கிறான், அதுதான் போதவில்லை. வெளியே நிற்பது நிஜமாகவே அப்பச்சியாக இருந்து, மாசக்கணக்கில் நடந்து வந்த மனுஷன் விடிவதற்குள் சொந்த வாசலில் உயிரை விட்டால்? அந்தப் பயமும் அவனை அதே அளவு அரிக்க வேண்டும். திறந்தாலும் பாவம், திறக்காவிட்டாலும் பாவம் என்று ஆனபிறகு நீ எத்தனை பக்கம் எழுதினாலும் படிப்பேன்.

அவன் கண்ணில் படும் ஒவ்வொரு அடையாளமும் இரண்டு பக்கமும் பேசட்டும். திண்ணைச் சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு இருக்கிறதே, விளக்கு வெளிச்சத்தில் மங்கலாக முகம் காட்டும். சன்னல் கம்பி வழியாக அவன் அதைப் பார்க்கட்டும். வந்தவர் உருவம் அதில் விழவில்லை. ஆனால் சரியாக அந்த இடத்தில்தான் மழைத்தண்ணீர் இறங்கி, பூச்சு பொரிந்து கிடக்கிறது. இப்போது அவன் என்ன முடிவுக்கு வருவான்?

அப்புறம் வளவில், உள்முற்றத்தைச் சுற்றித் தூங்கும் பங்காளிகள். அவர்களை நீ சும்மா விட்டுவிட்டாய். சொத்துப் பாகம் பிரித்தாயிற்று. செத்தவர் திரும்பி வந்தால் அந்தப் பாகம் நிற்குமா? "திறக்காதே" என்று கிசுகிசுக்கும் அண்ணன் பேயை நினைத்துச் சொல்கிறானா, பங்கை நினைத்தா? கடைசியில் அவனுக்குத் தன் பயத்தின் மேலேயே சந்தேகம் வர வேண்டும். அவனுக்கும் ஒரு பங்கு இருக்கிறதே! என்னைக் கேட்டால் உன் கதையின் உயிர் இங்கேதான். எங்கள் பெரிய வீட்டு விஷயமும் இழுத்துக்கொண்டேதான் கிடக்கிறது. விற்கலாம் என்று ஒருவர், கூடாது என்று ஒருவர், நடுவில் ஓடு சரிந்து பட்டாலைக் கூடம் வரை ஒழுகுகிறது. பக்கத்து வீட்டைப் பிரித்து, தேக்குத் தூண்களை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். பார்க்க வயிறு எரிந்தது.

மந்திரவாதி வந்து, பர்மா விவசாயியின் சாபம் என்று விளக்கும் அத்தியாயத்தை எடுத்துவிடு. அதுவரை கட்டிய பயமெல்லாம் அங்கே கரைந்துபோகிறது. சாபத்துக்குக் காரணமான வயல் மட்டும் இருக்கட்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில், அங்கே வட்டிக்கு விட்ட கடனுக்கு ஈடாக வந்த நிலங்கள் சேர்ந்து, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி வயல் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அந்தச் சேறு அப்பச்சியின் காலில், இத்தனை தூரம் நடந்தும் காயாமல் ஒட்டியிருக்கட்டும். யாரும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டாம்.

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருவாய்தானே? மாவில் ஏற்றிய இழையை எடுத்து முடித்ததும் மாடியில் உட்கார்ந்து பேசலாம். திருத்திய பிரதியை மறக்காமல் கொண்டு வா. கதவைத் திறந்தானா இல்லையா என்பதை மட்டும் முன்கூட்டி எழுதிவிடாதே, நான் படித்தே தெரிந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்