அலட்சியம் யாருடையது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிராமத்துத் தாய்மார் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்காமல் போவதற்கு அவர்களுடைய அலட்சியமே காரணம் என்று சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தத் தாய்மாருடனேயே வேலை செய்கிறவர்களை அந்த வரி மிகவும் புண்படுத்திவிட்டது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஒரு மணி நேரம் தாயின் கையிலா இருக்கிறது? எடை பார்க்க, துடைக்க, தாய்க்குத் தையல் போட என்று குழந்தையைத் தனியே வைத்துவிடுகிறார்கள். சிசேரியன் என்றால் இன்னும் தாமதம். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியதும் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்தான். இதைச் சொல்ல ஆளில்லாததால் 'பால் ஊறலையே' என்று சுற்றியிருப்பவர்கள் பயந்து, சர்க்கரைத் தண்ணீரோ பால்மாவோ கொடுக்கிறார்கள். வயிறு நிறைந்த குழந்தை மார்பைச் சப்பாது. சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும் என்பதால், பிறகு நிஜமாகவே பால் குறைந்துபோகிறது.

அடுத்தது காம்பு வெடிப்பு. குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் இரண்டு மூன்று நாளிலேயே ரத்தம் கசியும். குழந்தை வாயை அகலத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். மோவாய் மார்பில் அழுந்தி, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்க வேண்டும். வலித்தால் வெடுக்கென்று இழுக்காமல், சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து மறுபடி வைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து இதைக் காட்டப் பத்து நிமிடம் போதும். நெரிசலான பிரசவ வார்டில் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு ஆள் கிடையாது. அது யாருடைய அலட்சியம்?

பேறுகால விடுப்பு குறைந்தது 14 வாரம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. தினக்கூலிப் பெண்ணுக்கு அது எட்டுவதே இல்லை. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கிற குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வயற்காட்டில் நாள் முழுக்க நிற்கிறாள். பீய்ச்சி வைத்த பால் 25 டிகிரி வரை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். கடும் வெயிலில், ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் அதையும் நம்ப முடியாது. பீய்ச்ச மறைவான இடமும் இல்லை. மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வருகிறது, சுரப்பும் வற்றுகிறது.

உங்கள் இதழ்மீது பழைய வருத்தங்களும் உண்டு. கோடைக் குறிப்புகளில் கைக்குழந்தைக்கு அவ்வப்போது தண்ணீர் தரச் சொல்லியிருந்தீர்கள். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர்தான். எந்த வெயிலிலும் ஆறு மாதம்வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம். சுத்தமில்லாத தண்ணீர் என்றால் வயிற்றுப்போக்குதான். குழந்தை நலப் பக்கம் என்றாலே பால்புட்டிப் படம் வேறு. பால்மாவையும் புட்டியையும் மக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது என்று உலக சுகாதாரப் பேரவை 1981-லேயே நெறிமுறை வகுத்தது. விளம்பரக் காசு வாங்காமலே நீங்கள் அந்த விளம்பரத்தைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, பால் போதுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கும் வழியைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது வெளிர்நிறத்தில் சிறுநீர் போக வேண்டும், பிறந்தபோது இருந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், அதன் பிறகு எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், அழுவதை மட்டும் வைத்துப் பால் போதவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. எழுத்து பெரிதாக இருந்தால் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கிராமச் செவிலியர் ஒருவர்